ஏரியைக் கண்டவன் எதைக் கண்டான்?

ஜூன் மாதத்தில் தில்லியின் வெப்பம் 45 டிகிரியை நெருங்கும் வேளையில், வடக்கே மலைகளை நோக்கிச் செல்லும் சாலைகள் வாகனங்களால் நிறைந்துவிடுகின்றன. சிலர் நைனிதாலோடு திருப்தியடைகின்றனர். மனஉறுதி மிக்கவர்கள் மணாலியையும் தாண்டி, லடாக்கின் லே நகர் வரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவைச் சாலை வழியே கடக்கின்றனர்.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையின் மறுமுனையில் வெளிப்படும் பயணி, வேறோர் உலகில் நுழைந்துவிட்டதாகவே உணர்கிறான். சற்றுத் தொலைவில் சந்திரா, பாகா என்னும் இரு நதிகள் கலந்து செனாப் நதியாகின்றன. பாகா தோன்றும் சூரஜ் தால் ஏரி, பாரலாச்சா கணவாய்க்குச் சற்றுக் கீழே, சுமார் 4,880 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வானிலையை நம்ப இயலாது. காலையில் களங்கமற்ற நீலம், நண்பகலில் மேகம், பிற்பகலில், கோடையிலும்கூட, பனித்தூவல். இரவுக் குளிரில் ஒடுங்கிக் கிடந்த ஓடைகள், வெயில் ஏற ஏறப் பனியுருகி, மாலையில் சாலையை மூடிப் பாய்கின்றன. எனவேதான் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் பொழுது புலருமுன்பே புறப்பட்டுவிடுகின்றனர்.

இவ்வளவு சிரமப்பட்டு வந்த ஒருவன் ஏரியை அடையும்போது மூடுபனி அதை முற்றிலும் மறைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இவ்வளவு தூரம் வந்தது வீண்’ என்கிறான். அவன் எதை இழந்தான்? காட்சியை என்பான். ஆனால் அரைமணி நேரத்திற்குமுன், ஒரு வளைவில் அவனது கார் இருபது நிமிடம் நிறுத்தப்பட்டது. முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்ட சிலர், புகை சூழ நின்று, பீப்பாயில் தார் உருக்கிக்கொண்டிருந்தனர். காற்றில் பிராணவாயு கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதியளவே கிடைக்கும் உயரம் அது. இவர்களில் பலர் ஜார்க்கண்ட் மாநிலத்தின் தும்கா பகுதியிலிருந்து, பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு கோடையிலும் வருபவர்கள். பயணியின் கண்ணில் அவர்களும் பட்டார்கள். ஆனால் அவன் மனத்தில் அவர்கள் மனிதர்களாகப் பதியவில்லை. ஒரு தாமதமாகப் பதிந்தார்கள்.

ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட், தாம் பிறந்த கோனிக்ஸ்பர்க் நகரை விட்டு அதிக தூரம் சென்றவரல்லர். ஆயினும் 1790-இல் வெளியான நூலில் மலைகளைப் பற்றி நுட்பமாகச் சிந்தித்தார். புயலும் செங்குத்துப் பாறையும் மனத்தை மேலெழுப்ப வேண்டுமானால், காண்பவன் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும் என்றார் அவர். அதே நூலில், மலையாய்வாளர் சொஸ்யூர் எழுதிய ஒரு செய்தியையும் குறிப்பிடுகிறார். பனிமலைகளை நேசிப்பவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று ஆல்ப்ஸ் பகுதி விவசாயி ஒருவர் சொன்னாராம். கான்ட் அவரை அடியோடு மறுக்கவில்லை. வெறும் பொழுதுபோக்கிற்காக அபாயங்களை மேற்கொள்பவனைப் பற்றியதானால் அந்த விவசாயி சொன்னது தவறாக இராது என்று ஒப்புக்கொள்கிறார். சொஸ்யூரின் நோக்கமோ மனிதகுலத்திற்கு அறிவூட்டுவது என்கிறார். ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை: அந்தப் பாதுகாப்பான இடத்தை அமைத்துத் தருபவர் யார்?

கார் ஜன்னலுக்குள் இருப்பவனுக்கு மலை அழகாகத் தோன்றுவது, வெளியே நிற்பவர் வானிலையைத் தம் உடலில் தாங்குவதால்தான். ‘அதற்குத்தான் கூலி தரப்படுகிறதே! தவிர, சாலை முதன்மையாக ராணுவத்திற்காகப் போடப்பட்டது’ என்று யாரேனும் கூறலாம். இரண்டும் உண்மையே. ஆனால் கூலி உழைப்பின் கணக்கைத் தீர்க்கும். அதுவும் முழுமையாகக் கைக்கு வந்து சேர்ந்தால். பார்த்தும் பாராதிருந்ததன் கணக்கை அது எவ்வாறு தீர்க்கும்?

நமது வேதாந்தத்தில் பழகிய சொல் ‘சாட்சி’. காணப்படுபவற்றிலிருந்து காண்பவனைப் பிரித்தறிவதற்காகவே த்ருக்-த்ருச்ய விவேகம் போன்ற நூல்கள் எழுந்தன. ஆனால் சாட்சியை வேடிக்கை பார்ப்பவன் என்று கருதிவிடுவது எளிது. வேடிக்கை பார்ப்பவன் தேர்ந்தெடுக்கிறான்: ஏரி வேண்டும், மூடுபனி வேண்டாம், பனிச்சிகரம் வேண்டும், தார்ப்புகை வேண்டாம். சாட்சி எதையும் விலக்குவதில்லை. வந்தது எதுவாயினும் அதன் ஒளியில் தெரிகிறது. ஆகவே மூடுபனி ஏரியை மறைத்தபோது சாட்சிக்கு நஷ்டமில்லை. வளைவில் நின்ற மனிதரை மனத்திலிருந்து அழித்தபோதுதான் பயணி சாட்சி நிலையிலிருந்து நழுவினான்.

‘சாட்சி எதையும் செய்வதில்லையே, பிறகு கடமை எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பவர் உண்டு. செயலற்றது ஆன்மா. காரில் அமர்ந்திருப்பவனுக்கோ கையும் காலும் வாயும் இருக்கின்றன. ஆன்மாவின் இலக்கணத்தை எடுத்துத் தன் சோம்பலுக்குப் போர்த்திக்கொள்வது வேதாந்தம் அன்று. நீதிமன்றத்திலும் இதே சொல்தானே வழங்குகிறது? அங்கே கண்டதைச் சொல்லாமல் மௌனம் காப்பவனை யாரும் ஞானி என்று கொண்டாடுவதில்லை.

2020-இல் பெருந்தொற்று நாட்டை முடக்கியபோது, லடாக்கில் சாலைப்பணிக்கு வந்த ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். அவர்களில் 60 பேர் மே 29 அன்று லேயிலிருந்து விமானத்தில் தில்லி வழியாக ராஞ்சிக்கு அழைத்துவரப்பட்டனர். அன்று தில்லியின் மலைப்பயணிகள் வீட்டிலேயே இருந்தனர். ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வாய் திறந்தபோதுதான், இடைத்தரகர்கள் கூலியில் கைவைப்பது பற்றிய புகார்கள் பரவலாகத் தெரியவந்தன. கூலி நேரடியாக வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்று அம்மாநில அரசு வலியுறுத்தியது. இரண்டே வாரத்தில், ஜூன் 13 அன்று, சுமார் 1,600 தொழிலாளர்களுடன் ஒரு தனி ரயில் தும்காவிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டது.