நட்சத்திரமும் புள்ளியும்

வடசென்னைக் கடற்கரையோரத்து ஜனங்களின் பேச்சில் இரண்டு ஜெர்மானியப் பெயர்கள் குடியேறியிருக்கின்றன. ஒன்று பீரங்கியோடு வந்தது. மற்றொன்று பார லாரியோடு வந்தது.

1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கொஞ்ச நேரத்தில் கப்பல் போய்விட்டது; பெயர் மட்டும் தங்கிவிட்டது. கெட்டிக்காரனை, கொஞ்சம் பயந்து பழக வேண்டிய ஆசாமியை, "அவன் சரியான எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். அது ஜெர்மனியில் உள்ள ஓர் ஊரின் பெயர் என்பது சொல்லுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாததால் ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டாவது பெயர் பென்ஸ். பணக்காரர் வீட்டுக் காரை நான் சொல்லவில்லை. 1954-இல் டாட்டா கம்பெனி, ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியோடு பதினைந்து வருஷத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. அந்த லாரிகளின் நெற்றியில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டு ராயபுரம், தண்டையார்ப்பேட்டை வழியாக எண்ணூர் நெடுஞ்சாலையில் அவை உறுமிக்கொண்டு போகும். அதே சாலையின் கோடியில், எண்ணூரில், 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட தொழிற்சாலை, இங்கிலாந்து லேலண்ட் கம்பெனியின் கூட்டில் லாரி செய்துகொண்டிருந்தது. டீக்கடைகளில், "லேலண்டா, பென்ஸா?" என்பது ஒரு தீராத தர்க்கம்.

1969-இல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆங்கில 'டி' எழுத்தைப் பொருத்தினார்கள். வண்டி அதே வண்டிதான். செய்த கைகளும் அதே கைகள்தாம். ஆனால், நெற்றியிலிருந்து போன பெயர் வாயிலிருந்து போகவில்லை. திருவொற்றியூரில் இருந்த என் தாய்மாமன் இரண்டு லாரி வைத்திருந்தார். நட்சத்திரம் போய் எத்தனையோ வருஷம் கழித்துப் பிறந்த வண்டிகள் அவை. அவற்றையும் அவர் கடைசிவரை "பென்ஸு" என்றேதான் அழைத்தார்.

நல்ல பெயர் என்று சொல்கிறோமே, அது யாருடைய சொத்து? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்து வருகிறது. அதற்குக் காரணம் பெரிய கம்பெனி அல்ல. ஒரு சிறிய வெண்கலப் புஷ்.

ஏறக்குறைய இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நடந்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் மாமாவின் லாரிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வண்டியின் முன் அச்சில் கிங்பின் புஷ் தேய்ந்துபோயிற்று. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு லேத் பட்டறை. அதை நடத்தியவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஓர் எடுபிடிப் பையன்: இவ்வளவுதான் அவர் ஆஸ்தி.

"நானே கடைஞ்சு தர்றேன் தம்பி. கடைவிலையிலே பாதிதான் ஆகும்" என்றார்.

எனக்குப் படிப்புத் திமிர். "வேணாம் அண்ணே, கம்பெனி சாமானாத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டு, பட்டணத்துக்குள் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் அட்டைப் பெட்டியில், எண்ணெய்க் காகிதம் சுற்றி, ஜம்மென்று இருந்தது புஷ். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். அதைப் பொருத்தி உள்வாயை ரீமர் போட்டுச் சரிசெய்ய வேண்டுமே! அதற்கு அண்ணனிடம்தான் போக வேண்டும்.

அவர் பெட்டியைப் பிரித்துப் புஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் காட்டித் திருப்பினார். சிரித்தார்.

"இது நம்ம வீட்டுப் பிள்ளைதான் தம்பி."

விளிம்பில், யாரும் பார்க்காத இடத்தில், சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டிய ஒரு சிறு புள்ளி இருந்தது. அது அவர் வைக்கும் அடையாளம்.

"அப்போ இந்தப் பெட்டி?" என்றேன்.

"பெட்டி என்னுது இல்லே. ஒருத்தர் வந்து மொத்தமா வாங்கிட்டுப் போறார். எந்தப் பெட்டியிலே போடறார்னு நான் கேக்கிறதில்லே."

"உங்களுக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும். கேக்கிறதில்லே" என்றார்.

"பின்னே புள்ளி எதுக்கு?"

"கெட்டுப்போயித் திரும்பி வந்தா, நம்மோடதுன்னு ஒத்துக்கணும் இல்லே?"

அன்றைக்கு எனக்கு ஏமாந்த கோபம்தான் இருந்தது. அந்தப் பதிலின் கனம் வெகுநாள் கழித்தே தெரிந்தது. புகழ் வாங்குவதற்காக அல்ல, பழி வாங்கிக்கொள்வதற்காக அவர் அடையாளம் வைத்திருந்தார். ஆனால் அந்தப் புஷ் கெட்டுப்போயிருந்தால் நான் அவரிடமா போயிருப்பேன்? பெட்டியில் பெயர் போட்ட கம்பெனியைத் திட்டியிருப்பேன். ஆக, பொய்ப் பெட்டி அவருடைய புகழை மட்டுமா திருடிற்று? தன் வேலைக்குத் தானே பதில் சொல்லும் உரிமையையும் சேர்த்துத் திருடிவிட்டது. அதற்கு அவரும் உடந்தை. "தெரியும், கேக்கிறதில்லே" என்ற இரண்டே வார்த்தையில் அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

இனி அந்த நட்சத்திரத்தின் கதையைப் பார்ப்போம்.

கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886 ஜனவரியில். ஆனால் அந்த வண்டி ஊர் விட்டு ஊர் போகும் என்பதை உலகுக்குக் காட்டியவர் அவரல்லர். அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் புருஷனிடம் சொல்லாமலே இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், ஓட்டிப் போனார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தினார். தேய்ந்த பிரேக்குக்கு ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். பென்ஸ் என்ற பெயருக்குள் அந்தச் செருப்புத் தைத்தவரும் இருக்கிறார். ஆனால் வண்டியின் எந்தப் பாகத்திலும் அவர் பெயர் இல்லை.

மறுபுறம், மெர்ஸிடிஸ் என்பது எமில் யெல்லினெக் என்ற வியாபாரியின் மகள் பெயர். டைம்லர் கம்பெனியின் வண்டிகளை வாங்கி விற்ற அவர், 1901-இல் புதிதாக வந்த வண்டிக்கு மகளின் பெயரை வைக்கச் செய்தார். அந்தச் சிறுமி ஒரு திருகாணியைக்கூட முடுக்கியவளல்ல. 1926-இல் டைம்லரும் பென்ஸும் ஒன்றாயின. உழைத்தவனுக்குப் பெயர் இல்லை, பெயர் கொடுத்தவளுக்கு உழைப்பு இல்லை! பெயர்கள் இப்படித்தான் உண்டாகின்றன. இதுவரைக்கும் யாருக்கும் தீங்கில்லை.

தீங்கு பிறகு வருகிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் அந்தக் கம்பெனி ஹிட்லரின் சர்க்காருக்கு விமான இயந்திரங்களும் லாரிகளும் இன்னும் பல யுத்தச் சாமான்களும் செய்து கொடுத்தது. 1944-ஆம் வருஷக் கடைசியில் அங்கே வேலை செய்த 63,000-க்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தாங்களாக வந்தவர்கள் அல்லர். பிடித்த நாடுகளிலிருந்து இழுத்து வரப்பட்டவர்கள், யுத்தக் கைதிகள், சித்திரவதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் கை பட்ட இரும்பிலும் அதே நட்சத்திரம்தான் இருந்தது.

யுத்தம் முடிந்து பத்தே வருஷத்துக்குள் அந்த நட்சத்திரம் நம் லாரிகளின் நெற்றிக்கு வந்துவிட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் அதைப் பார்த்து, "ஜெர்மன்காரன் வேலைன்னா வேலைதான்!" என்று தலையாட்டியவர்களுக்கு அந்த முகாம்களைப் பற்றி யார் சொன்னார்கள்? கம்பெனியும் நெடுநாள் வாய் திறக்கவில்லை. 1980-களில்தான் பழைய தஸ்தாவேஜுகளைச் சரித்திர ஆராய்ச்சிக்காரர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னது. 1988-இல் 2 கோடி மார்க் கொடுத்தது. பிறகு 2000-இல் ஜெர்மன் சர்க்காரும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1,000 கோடி மார்க்கில் ஒரு நிதி வைத்தபோது அதிலும் பங்கு கொண்டது. அதற்குள் அந்தத் தொழிலாளிகளில் எத்தனையோ பேர் செத்து மண்ணாகிவிட்டார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "எண்பது வருஷத்துக்கு முந்திய பாவத்தை இன்றைக்கு யார் தலையில் கட்டுவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2012-இல் அதே கம்பெனி நம் ஒரகடத்தில் ஆலை திறந்து, பாரத்பென்ஸ் என்ற பெயரில் லாரி செய்ய ஆரம்பித்தது. அங்கே நட்டு முடுக்கும் காஞ்சிபுரத்துப் பையனுக்கு 1944-இன் குற்றத்தில் என்ன பங்கு? எள்ளளவும் இல்லை. குற்றம் ரத்தத்தில் வருவதில்லை, சம்பளத்தோடும் வருவதில்லை.

ஆனால் பெயர் விஷயம் வேறு. பெர்த்தா அம்மாள் 1888-இல் போன பயணத்தைக் கம்பெனி இன்றைக்கும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. அந்தப் பயணத்தில் இப்போதுள்ள முதலாளிகளில் யாருக்குப் பங்கு? நூற்று முப்பது வருஷத்துக்கு முந்திய வரவைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளுகிறவன், எண்பது வருஷத்துக்கு முந்திய பற்றை மட்டும் "அது எங்கள் தாத்தா காலத்து விவகாரம்" என்று தள்ள முடியுமா? தகப்பன் வைத்த வீடு வேண்டும், தகப்பன் வாங்கிய கடன் வேண்டாம் என்கிற மகனை நம் ஊரில் யோக்கியன் என்று சொல்வதில்லை. நல்ல பெயர் என்பது பரம்பரைச் சொத்தானால், அதன்மேலுள்ள கடனும் பரம்பரைதான்.

ஆகவே, அந்தக் கம்பெனி தாமதமாகவேனும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியதே, அந்தக் காரியத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. கொடுத்த பணம் போதுமா என்றால், போதாது. எந்தப் பணமும் போதாது. ஆனால், "இது எங்களுடையதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் வரைக்கும் நட்சத்திரம் வெறும் பெட்டியின் மேலுள்ள படம். ஒப்புக்கொண்ட பிறகுதான் அது அண்ணனின் புள்ளிக்குக் கொஞ்சம் சமீபமாக வருகிறது.

முகாமையும் லேத் பட்டறையையும் ஒரே தராசில் நிறுத்துகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒன்று மனித உயிரைப் பிழிந்த கொடுமை. மற்றொன்று வயிற்றுப்பாட்டுக்கான சில்லறைத் தப்பு. அளவில் மலையும் மடுவும். ஆனால் இரண்டின் வாசலிலும் ஒரே வாக்கியம் எழுதியிருக்கிறது: "தெரியும், கேக்கிறதில்லே." பெரிய கொடுமைகள் நடந்த ஊர்களிலெல்லாம் கொடியவர்கள் கொஞ்சம் பேர்தான் இருந்திருப்பார்கள், கேட்காமல் இருந்தவர்கள்தாம் அதிகம்.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்றும் சொல்லிவிட வேண்டும். அந்தப் புஷ்ஷைப் பொருத்தினோம். வண்டி அருமையாக ஓடிற்று. மாமா என்னை மெச்சினார். "பார்த்தியா, கம்பெனி சாமான்னா கம்பெனி சாமான்தான்!" என்று அந்த வருஷம் முழுக்க எல்லாரிடமும் சொன்னார். லாரி ஸ்டாண்டில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். "பாதி விலைன்னு பட்டறையிலே கடையக் குடுக்காதீங்கப்பா" என்று புத்திமதியும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இரட்டை விலை கொடுத்து ஏமாந்தவன் என்று பெயர் வந்துவிடுமே என்ற வெட்கம் என் வாயை அடைத்தது. மாமா கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஆக, அண்ணனுடைய வேலையே அண்ணனுக்கு விரோதமாகச் சாட்சி சொல்லிற்று. அதற்கு வக்கீல் நான். எங்கள் ஸ்டாண்டிலிருந்து அவர் பட்டறைக்குப் போன வண்டிகள் குறைந்தன. மற்றக் காரணங்களும் இருந்திருக்கலாம். என் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்க்க இப்போது வழியில்லை. சில வருஷத்தில் லேத்தை விற்றுவிட்டு அவர் ஊரைவிட்டுப் போனார். மாமாவும் காலமாகிவிட்டார். ஒரு பெரிய கம்பெனி நாற்பது வருஷம் வாய் மூடியிருந்ததை இவ்வளவு வீராப்பாகக் கேட்கிற நான், ஒரு புஷ் விஷயத்தில் இருபத்தைந்து வருஷம் மூடியிருந்தேன்.

அண்ணன் இதைப் படிப்பார் என்று தோன்றவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புஷ் கம்பெனிச் சாமான் அல்ல. திருவொற்றியூரில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கடைந்தது. விளிம்பில் ஒரு புள்ளி இருக்கும்.