விளையாட்டினுள் ஒரு பெயரேடு

விளையாட்டு என்பது பொழுதுபோக்கு. அதன் விதிகளில் அறத்தைத் தேடுவது உமியில் அரிசி தேடுவதற்கு ஒப்பாகும் என்று கருதுவோர் உளர். சதுரங்கத்தில் வெட்டுண்ட காலாளுக்காக எவரும் கண்ணீர் சிந்துவதில்லை. சிந்த வேண்டியதும் இல்லை. எனினும், பரமபதப் படத்தை வரைந்த முன்னோர் ஏணிகளுக்கு நற்குணங்களின் பெயரையும் பாம்புகளுக்குத் தீக்குணங்களின் பெயரையும் இட்டனர். உலகம் எவ்வாறு இயங்குகிறது என்னும் கருத்தொன்றும் தாயக்கட்டையோடு சேர்ந்து உருளவேண்டும் என்பது அவர்தம் நோக்கம். 'உலகம் இப்படித்தான்' என்று கூறும் விளையாட்டு, கூறிய சொல்லுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. அதனைத் திருத்துக என்று கேட்போர் வெறும் விதியை மட்டும் திருத்தச் சொல்வதில்லை.

ஜோகூர் மாநிலத்து ஸ்கூடாய் இவ்வினா எழுவதற்கு ஏற்ற மண். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்திருந்த அவ்வட்டாரத்தில் 1980களில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெருவளாகம் எழுந்தது. கணிப்பொறி விளையாட்டு ஆய்வுக்கென ஒரு மையமும் பிற்காலத்தில் அங்கே தோன்றியது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பின்னரும் ரினி என்னும் பெயரைத் தமிழ்ப்பள்ளி ஒன்று தாங்கி நிற்கிறது. பாட்டன் பெரட்டில் நின்ற மண்ணில், பேரன் திரைக்கு முன் அமர்ந்து நிறுவனம் நடத்தி விளையாடும் காலம் இது.

அத்தகைய விளையாட்டுகளுள் பெயர்பெற்றது 'கேம் டெவ் டைக்கூன்'. கிளக் என்னும் குடும்பப் பெயருடைய உடன்பிறந்தார் இருவர் 2012இல் தொடங்கிய கிரீன்ஹார்ட் கேம்ஸ் அதனை ஆக்கியது. விளையாட்டு உருவாக்கும் தொழிலையே பொருளாகக் கொண்ட விளையாட்டு அது. 1980களின் தொடக்கத்தில் கார்க்கொட்டகை ஒன்றில் தனியொருவனாகத் தொடங்கும் ஆடுவோன், முப்பத்தைந்து ஆண்டுக் காலத்தை ஓட்டி, ஆள் சேர்த்து, அலுவலகம் மாற்றிப் பெருநிறுவனத்தின் தலைவனாக உயரலாம். கதைக்கு எவ்வளவு உழைப்பு, படத்துக்கு எவ்வளவு, ஒலிக்கு எவ்வளவு என்று அவன் பகிர்ந்தளிக்கிறான். திறனாய்வாளர் நால்வர் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகின்றனர். விற்பனை ஏறுகிறது, அல்லது நிறுவனம் மூழ்குகிறது.

இதனை மேம்படுத்த விரும்புவோர் கேட்பன பெரும்பாலும் பெருக்கங்களே: இன்னும் சில கருவிகள், இன்னும் சில கதைவகைகள், வலிமை மிக்க போட்டி நிறுவனங்கள். கேட்பதில் குற்றமில்லை. விலை கொடுத்தவனுக்கு ஒரு படிதான் உரியது, ஆக்கம் ஆக்கியோனுக்கே உரியது என்பது மெய். ஆயினும் நூலை அரங்கேற்றும் வழக்கத்தைப் போற்றிய தமிழ்மரபில், அவையோர் தடை கூறுதலும் புலவன் விடை இறுத்தலும் புதியன அல்ல. தடை கூறுவோன் ஆணையிடுவதில்லை. ஆனால் அவனுக்கு விடை கூறாத நூல் அவையேறுவதுமில்லை. அவ்வகையில் நோக்கினால், எண்ணிக்கையைக் கூட்டுக என்பது தடையன்று, பசி. தடை எனத்தக்கது வேறொன்று உண்டு.

அவ்விளையாட்டில் ஊழியன் களைப்படைகிறான். இதனை மறைத்துக் குறை கூறுவது நேர்மையாகாது. தொடர்ந்து உழைத்தவனின் ஊக்கம் குறையும். விடுப்பில் அனுப்பினால் மீளும். ஆனால் அக்களைப்பு யார் கணக்கில் எழுதப்படுகிறது? வேலை தாமதமாயிற்று, தரம் குறைந்தது என்று முதலாளியின் கணக்கில் மட்டுமே. களைத்தவனுக்கு வீடு இல்லை, உடல்நலம் இல்லை, வேலையைவிட்டு நீக்கப்பட்ட பின் அவனுக்கு நாளையும் இல்லை. ஒரு மேசை காலியாகிறது, அவ்வளவே.

தோட்டத் தமிழருக்கு இக்கணக்கு முறை அந்நியமன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். கிராணியின் பெயரேட்டில் வந்தாள், வரவில்லை என்பதற்கு ஒவ்வொரு குறி. பால் நிறுக்குமிடத்தில் எத்தனை ராத்தல் என்பதற்கு ஓர் எண். காய்ச்சலில் கிடந்தவளும், பிள்ளையைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்தவளும் வராதவர் என்ற ஒரே குறியால் ஏட்டில் நின்றனர். அவ்வேடு பொய் சொல்லியது என்று கூறுதற்கில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் அது விடை கூறிய வினாக்கள் யாவும் ஒரே ஒருவருடைய வினாக்கள். அதனை நாள்தோறும் புரட்டியவன் கொடியவனாக இருக்கத் தேவையில்லை. அந்த ஏடு காட்டியதை மட்டும் பார்த்துப் பழகினாலே போதும்.

கணிப்பொறித் தொழிலைத் தோட்டத்தோடு ஒப்பிடுவது மிகை என்று தோன்றலாம். கூலியும் வாழ்வும் ஒப்பாகா என்பது உண்மையே. ஆனால் 2004 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி, தம் பெயரை மறைத்து எழுதிய திறந்த மடலில், வாரம் முழுதும் இரவும் பகலும் நீண்ட வேலையால் ஒரு மனிதர் எவ்வாறு உருக்குலைந்தார் என்பதை எடுத்துரைத்தார். மிகைநேர ஊதியம் கோரிய வழக்குகளில் அந்நிறுவனம் பின்னர் மொத்தம் மூன்று கோடி டாலருக்கு மேல் கொடுக்க இசைந்தது. அதுவரை எந்த ஏட்டிலும் ஏறாதிருந்த களைப்பை ஏற்றியவர் ஏட்டுக்கு வெளியே இருந்த ஒருவர் என்பது எண்ணத்தக்கது.

இவ்வளவு நுண்மையை ஒரு விளையாட்டிடம் எதிர்பார்க்கலாமா? எதிர்பார்க்கலாம் என்பதற்குக் 'கேம் டெவ் டைக்கூன்' வரலாறே சான்று. 2013 ஏப்ரலில் தம் விற்பனையைத் தொடங்கிய அன்று, அதன் ஆசிரியர்கள் திருட்டுப் படி போன்ற ஒன்றையும் தாமே உலவவிட்டனர். அதனை எடுத்து ஆடியவனின் நிறுவனம் சில மணிநேரம் செழித்து, பின்னர் அவன் ஆக்கங்களை மக்கள் திருடி ஆடுவதால் நொடித்துப் போகும். முதல் நாளில் ஆடியோர் 3,318 பேர். விலை கொடுத்தோர் 214 பேர். திருடி ஆடியோருள் சிலர், இத்திருட்டைத் தடுக்க ஆய்வு ஏதேனும் செய்ய வழியுண்டா என்று முறையிட்டனராம்! திருட்டின் தீமை பற்றி ஒரு நூறு அறிவுரைகள் செய்யாததை ஒரு விதி செய்தது. இழந்தவனின் இடத்தில் இழக்கச் செய்தவனையே அமர்த்தியது.

எனவே திறம் இல்லை என்ற விடை செல்லாது. தமக்கு நேர்ந்த இழப்பை விதியாக வடிக்கத் தெரிந்தவர்கள், ஊழியனின் இழப்பையும் அவ்வாறே வடிக்க வல்லவர்கள். சிறு நிறுவனம் நடத்திய அவ்விருவர்மீது பழி சுமத்துவதாக இதனைக் கொள்ளலாகாது. தன் காயம் முதலில் தெரிவது மனித இயல்பு. ஆனால் ஆடுவோன் தடை கூறத்தக்க இடம் இதுவே.

அறம் புகுந்தால் ஆட்டம் சுவைக்காது என்னும் எதிர்வாதம் வலியது. எலிசபெத் மகி என்னும் அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்ற நிலக்கிழார் விளையாட்டு, நிலத்தைக் கைப்பற்றி வாடகை வாங்குவதன் தீமையைக் காட்டுவதற்காகவே பிறந்தது. ஈட்டம் யாவருக்கும் பயன்படும் மற்றொரு விதித்தொகுதியையும் அவர் வகுத்தார். அதன் வழிவந்த 'மோனோபொலி'யை 1935இல் விற்கத் தொடங்கிய பார்க்கர் பிரதர்ஸ், அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. உலகம் ஏற்றுக்கொண்டது பிறரை ஓட்டாண்டியாக்கும் விதிகளை மட்டுமே. மலேசிய வீடுகளில் 'சைடினா' ஆடும் பிள்ளைகளும் அவ்விதிகளின் வழித்தோன்றல்களே. நல்ல நோக்கம் தனித்தாளில் இருந்ததால் தாளோடு போயிற்று.

ஆகவே திருத்தம், ஆட்டத்தின் சுவைக்குள்ளேயே வரவேண்டும். அதற்குக் கற்பனை தேவையில்லை. தொழிலின் வரலாறே கைகொடுக்கும். அடாரி நிறுவனத்தில் தம் உழைப்புக்குப் பெயரும் பங்கும் கிடைக்காமையால் வெளியேறிய நிரலாளர்கள் 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கக் காரணமாயினர். திரைவிளையாட்டில் நீக்கப்பட்டவனும் மனம் கசந்து வெளியேறியவனும் மறைந்துபோகாமல், சில ஆண்டுகளில் போட்டியாளனாகத் திரும்பி வரட்டும். வலிமை மிக்க போட்டி வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் அது விடையாகும்.

அதே அடாரியில் பணிபுரிந்த வாரன் ராபினெட் 'அட்வெஞ்சர்' என்னும் ஆக்கத்தினுள் எவரும் அறியாமல் ஓர் அறையைக் கட்டி, அதில் தம் பெயரை எழுதி வைத்தார். அவர் நிறுவனத்தைவிட்டு நீங்கிய பின்னரே, ஆடிய சிறுவன் ஒருவன் கண்டுபிடித்து எழுதியதால் அது தெரியவந்தது. நிறுவனம் அதனை அழிக்காமல் விட்டுவைத்தது. ஆடுவோன் தலைவனாக வீற்றிருக்கும் ஆட்டத்திலும் அத்தகைய அறை ஒன்று அமையலாம். படிகள் விற்று முடிந்தபின், முன்பு அவன் விடுப்பு மறுத்த ஊழியன் ஒருவனின் பெயர் உள்ளே இருப்பதாக ஒரு மடல் வரும். செலவு செய்து அதனை நீக்குவதா, இருக்க விடுவதா என்று திரை கேட்கும். அதற்கு மதிப்பெண் இடத் திறனாய்வாளர் நால்வரும் வரமாட்டார்கள்.