ஏலியும் சாமுவேலும் ஒரே கூரையின் கீழ்



எந்தப் பங்குமனைக்குச் சென்றாலும் இரண்டு முறைப்பாடுகள் அங்கே வந்து சேர்வதைக் காணலாம். காலையில் பெரியவர் ஒருவர் வருவார். "சுவாமி, இந்தக் காலத்துப் பிள்ளையள் சொல்லுக் கேக்கிறாங்கள் இல்லை. கோயிலுக்கு வந்தாலும் மதிலோடைதான் நிக்கிறாங்கள்" என்பார். மாலையில் ஓர் இளைஞன் வருவான். "சுவாமி, எங்களைக் கதிரை அடுக்கவும் கொடி கட்டவும் மட்டுந்தான் கூப்பிடுகினம். ஒரு யோசனை சொன்னால், உனக்கென்ன தெரியும் எண்டு கேக்கினம்" என்பான். இருவர் சொல்வதும் பொய்யல்ல. இருவருமே, மற்றவர் தம்மிடம் கற்றுக்கொள்ள மறுக்கிறார் என்றுதான் வருந்துகின்றனர். மற்றவரிடம் தாம் கற்க வேண்டியது எதுவும் உண்டா என்ற கேள்வியை மட்டும் இருவரும் கேட்பதில்லை. இன்று அந்தக் கேள்வியைச் சற்றுச் சிந்திப்போம்.

பழைய ஏற்பாட்டில் சாமுவேல் முதலாம் நூலின் மூன்றாம் அதிகாரத்தை விரித்துப் பாருங்கள். சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் இருவர் வாழ்கின்றனர். ஒருவர் ஏலி. வயது முதிர்ந்த குரு, கண்பார்வை மங்கியவர். மற்றவன் சாமுவேல். தாய் அன்னா நேர்ந்துவிட்ட சிறுவன். இரவில் ஆண்டவர் அழைக்கிறார். குரல் சிறுவனின் காதில் விழுகிறது. ஆனால் அது யாருடைய குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. ஏலியின் காதில் அந்தக் குரல் விழவேயில்லை. ஆனால் மூன்றாம் முறை, பையனை அழைப்பவர் ஆண்டவரே என்று அவர் விளங்கிக்கொள்கிறார். எப்படிப் பதில் சொல்ல வேண்டுமென்றும் கற்றுக்கொடுக்கிறார்.

கேட்டவனுக்கு அனுபவம் இல்லை. அனுபவம் உள்ளவருக்குக் கேட்கவில்லை. அந்த இரவில் இருவரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் இறைவனின் வார்த்தை வீணே போயிருக்கும். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். நடு இரவில் எழுப்பினாலும் ஏசாத பெரியவராக ஏலி இருந்தார். எழுந்து ஓடிச் சென்று கேட்கும் பிள்ளையாகச் சாமுவேல் இருந்தான். ஆகவே வார்த்தை தங்கிற்று.

இந்த வரலாறு இத்துடன் முடியவில்லை. ஆண்டவர் சாமுவேலுக்குச் சொன்ன செய்தி இனிமையான செய்தியன்று. அது ஏலியின் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பு. தம் புதல்வர்கள் செய்த தீமையை அறிந்தும் அவர்களைத் தடுக்காமல் விட்டதற்கான தண்டனை. விடிந்ததும் அதைச் சொல்லச் சிறுவன் அஞ்சுகிறான். ஏலியோ அவனை மகனே என்று அழைத்து, ஒன்றையும் மறைக்க வேண்டாமெனக் கேட்கிறார். அவன் முழுவதையும் சொல்கிறான். கேட்ட பெரியவர் கோபிக்கவில்லை. ஆண்டவருக்கு நலமெனத் தோன்றுவதை அவர் செய்யட்டும் என்று பணிகிறார்.

தன் பிள்ளைகள் விடயத்தில் தவறிய அந்த முதியவர், ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்த உண்மையை ஏற்றுக்கொண்டதில் உயர்ந்து நிற்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் துணிவு உண்டு? பதினேழு வயதுப் பிள்ளை, "அப்பா, நீங்கள் கோயிலிலே பேசுவது ஒன்று, வீட்டிலே குடித்துவிட்டு நடப்பது வேறு" என்று சொன்னால், அந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும்?

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். பன்னிரண்டு வயது இயேசு யெருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே இருந்த நிகழ்ச்சியை நாம் செபமாலையின் மகிழ்ச்சித் தேவ இரகசியங்களில் தியானிக்கிறோம். சில படங்களில் இயேசு பாலன் உயரத்தில் நின்று விரல் நீட்டி உபதேசிப்பது போலவும், நரைத்த தாடிக்காரர்கள் வாய்பிளந்து கேட்பது போலவும் வரைந்திருப்பார்கள். லூக்கா எழுதியது வேறு. சிறுவன் அமர்ந்திருந்தார், செவிமடுத்தார், வினாக்கள் கேட்டார், அவர் கொடுத்த பதில்களைக் கண்டு எல்லோரும் வியந்தனர். அப்படியானால் அந்தப் போதகர்களும் அவரிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கலிலேயக் கிராமத்துப் பிள்ளை ஒன்றைத் தங்கள் நடுவே இருத்தி, அதன் கேள்விகளுக்கு இடங்கொடுத்தார்கள். அதன்பின் அவர் நாசரேத்துக்குச் சென்று பெற்றோருக்குப் பணிந்திருந்தார், ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார் என்றும் அதே அதிகாரம் கூறுகிறது. இறைமகனே தச்சுப்பட்டறையில் ஒரு பெரியவரின் பக்கத்தில் நின்று கற்றார் என்றால், கற்பது எவருக்கும் தாழ்வாகாது.

நமது நாட்டுத் திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே இடமில்லாது போயிற்று. 1687 இல் யோசவ்வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், விசுவாசம் எங்கே இருந்தது? அடுப்படியில் இருந்தது, வயலிலும் வாடியிலும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரின் நாவில் இருந்தது. அடிகளாரும் வந்தவுடன் பிரசங்க மேடை ஏறவில்லை. 35 வயது கடந்த அந்தக் குரு, மாணவனைப் போல நம் மொழியைக் கற்றார். ஒரே இடத்தில் தங்க முடியாத நிலையில், ஊர்களிலே மூப்பர்மாரையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தினார். குருவானவர் மாதக்கணக்காக வராத ஊர்களிலும் செபம் சொல்லிக் கொடுத்தவர்கள் இவர்களே. 1711 இல் கண்டியில் இறந்த அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 ஆம் திகதி கொழும்பிலே புனிதராக உயர்த்தினார். பலிபீடத்தில் அவரை வணங்கும் நாம், அவர் நம்பிய அந்த எளிய முறையை மறந்துவிடலாமா?

அண்ணாவி என்ற அதே சொல்லை நாட்டுக்கூத்துப் பழக்குபவருக்கும் நம்மவர் வழங்குவது கவனிக்கத்தக்கது. பாசையூர், குருநகர், நாவாந்துறை, மன்னார்ப் பகுதிக் கிராமங்களில் கத்தோலிக்கக் கூத்து ஒன்று மேடையேறுவதைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். அண்ணாவியார் நரைத்தவர், இராசா வேடம் போடுபவனோ நேற்று மீசை அரும்பியவன். பகலில் கடலுக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போனவர்களும் இரவில் ஒன்றுகூடி மாதக்கணக்காகப் பழகுவார்கள். பெடியன் தாளம் தவறினால் பெரியவர் திருத்துவார். பெரியவரின் மூச்சு முட்டினால் பிற்பாட்டுக்காரர் தாங்கிப் பிடிப்பார்கள். பாட்டோடு புனிதர் வரலாறும், அடக்கமும், சபையில் நிற்கும் விதமும் சேர்ந்தே பயிலப்படும். வகுப்பறை இல்லை, சோதனை இல்லை, சான்றிதழும் இல்லை. ஆயினும் கற்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. காரணம் எளிது. எல்லோர் முன்னும் ஒரே வேலை இருந்தது. அந்த வேலைக்கு எல்லோரும் தேவைப்பட்டார்கள்.

இன்று நம் பங்குகளில் நிலைமை என்ன? சிறுவருக்கு மறைப்பாடசாலை, வாலிபருக்கு இளைஞர் மன்றம், தாய்மாருக்கு ஒரு சபை, முதியோருக்கு மரியாயின் சேனை, வின்சென்ட் டி போல் சபை. ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் ஒரு சபையின் கதவு மற்றதற்குத் திறப்பதில்லை. உறுதிப்பூசுதல் பெற்ற அன்றோடு பிள்ளைக்கு மறைக்கல்வி முடிந்தது என்று எண்ணுகிறோம். திருமணம் முடித்த அன்றோடு நமக்கும் முடிந்தது என்று எண்ணுகிறோம். ஞாயிறு காலையில் ரியூசனா மறைப்பாடசாலையா என்ற போட்டியில் பெரும்பாலும் ரியூசனே வெல்கிறது. அதை நடத்துபவரைக் குறைசொல்கிறோம். பிள்ளையை அனுப்பிவைப்பவர் யார்?

இதற்குமேல் 1983 முதல் 2009 வரை நீடித்த போர் நம் தலைமுறைகளுக்கு இடையே வெட்டிய அகழி ஒன்றுண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசலை விட்டுப் புறப்பட்ட காட்சியைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் சிலர் இறந்தார்கள். பலர் கடல் கடந்தார்கள். வீடுகளோடு கூத்துக் கொப்பிகளும் செபப் புத்தகங்களும் போயின. இழப்பைக் கண்ட பெரியவர் அதைப் பேச அஞ்சுகிறார். அதைக் காணாத பிள்ளை கேட்கத் தயங்குகிறது. வாய்திறவாத அந்த வீட்டில் இருவருமே தனித்துப் போகிறார்கள். இந்த மௌனத்தைக் கலைப்பதற்கு இன்னும் அதிக காலம் இல்லை. நினைவுகளைச் சுமப்பவர்கள் ஒவ்வொருவராகச் சேமக்காலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

திருச்சபை இதுபற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறது. இரண்டாவது வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி குறித்து 1965 இல் வெளியிட்ட ஏட்டில், வளர்ந்தோர் இளையோருடன் நட்போடு உரையாட வேண்டும் என்றும், வயது வேற்றுமையைக் கடந்து இரு சாராரும் தத்தம் செல்வங்களைப் பகிர வேண்டும் என்றும் கேட்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே புனித ஆசீர்வாதப்பர் தம் துறவற ஒழுங்கின் மூன்றாம் அதிகாரத்தில், முக்கிய காரியங்களில் மடத்தார் எல்லோரையும் ஆலோசனைக்கு அழைக்கும்படி மடாதிபதிக்குப் பணித்தார். சிறந்ததை ஆண்டவர் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பதே அவர் காட்டிய காரணம். 2018 இல் இளைஞரைப் பற்றி உரோமையில் ஆயர் மாமன்றம் கூடிற்று. மறு ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் பற்றிய மடலை எழுதினார். 2021 இல் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உலக நாள் ஒன்றை ஏற்படுத்தியவரும் அவரே. இரண்டையும் அவர் வேறு வேறு காரியங்களாகக் கருதவில்லை.

ஆகவே என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் வேண்டியதில்லை. கையெட்டும் தூரத்தில் உள்ளவை சில.

முதலாவது, தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் பாடும் பங்குகள் நம்மிடையே உண்டு. அதன் இராகம் முதியவர்களிடம் இருக்கிறது. இவ்வாண்டு ஒவ்வொரு முதியவர் பக்கத்திலும் ஓர் இளையவரை இருத்துங்கள். இளையவர் இராகத்தைக் கற்கட்டும். பழந்தமிழ்ச் சொல் ஒன்று விளங்காதபோது பொருள் கேட்கட்டும். ஐம்பது ஆண்டுகளாகப் பாடிய சொல்லுக்குப் பொருள் தமக்கும் தெரியாது என்பதைப் பெரியவர் அப்போது உணரக்கூடும். வெட்கப்பட வேண்டாம். இருவரும் சேர்ந்து அகராதியைப் புரட்டுங்கள். அந்த நேரத்தில் பாடல் இருவருக்கும் செபமாகிவிடும்.

இரண்டாவது, பங்குச் சபையில் இளையோருக்கு ஒரு கதிரை மட்டும் கொடுத்தாற் போதாது. ஒரு பொறுப்பையும் கொடுங்கள். திருவிழாக் கணக்கையோ, நோயாளரைச் சந்திக்கும் பணியையோ அவர்களிடம் ஒப்படைத்து, அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்கு விடுங்கள். பிழை வரும். பிழை வராமல் நீச்சல் கற்றவர் யார்?

மூன்றாவது, அன்பியக் கூட்டம் தொடங்கியதும் பிள்ளைகளை முற்றத்துக்கு விளையாட அனுப்பிவிடாதீர்கள். வேதாகமம் வாசித்தபின் முதற் கேள்வியை அங்குள்ள மிக இளையவர் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

நான்காவது, வெளிநாட்டிலுள்ள மகனோடு முகம் பார்த்துப் பேசக் கைத்தொலைபேசியை எப்படி அழுத்துவதென்று பேத்திதான் அம்மம்மாவுக்குக் காட்டிக்கொடுக்கிறாள். அந்த அம்மம்மா மாணவியாக இருக்க நாணவில்லை. அழைப்பு முடிந்ததும் அவர் தம் செபமாலையை எடுத்து, "இப்ப நீ வா, நான் உனக்கு ஒண்டு சொல்லித் தாறன்" என்று அழைக்கலாமே. கற்றவளுக்குத்தான் கற்றுக்கொடுக்கும் உரிமை இனிதாக வரும்.

இளைஞரே, யுவதிகளே, உங்களுக்கும் ஒரு சொல். சாமுவேல் ஆண்டவரின் குரலைக் கேட்டவன். ஆயினும் விடிந்தபோது அவன் ஏலியை இகழவில்லை. இளமையை எவரும் இழிவாக எண்ண விடாதே என்று திமொத்தேயுவுக்கு எழுதிய பவுலடியாரே, முதியவரைக் கடிந்துகொள்ளாமல் தந்தையிடம் பேசுவதுபோல் பேசு என்றும் எழுதினார். அந்தத் திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடியிருந்தது என்பதையும் அவர் நினைவூட்டத் தவறவில்லை. உங்களுக்குத் தெரிந்த பல காரியங்கள் உங்கள் பெரியோருக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் இருளிலே அழைக்கும் குரல்களில் எது ஆண்டவருடையது, எது உங்களை ஏமாற்றுவது என்று பிரித்தறிய, அடிபட்டு எழுந்த ஒருவர் உங்கள் அருகில் வேண்டும்.

பெரியோரே, இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் எழுந்து போகாமல் ஐந்து நிமிடம் இருங்கள். ஏலி கேட்டதுபோல் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: "மகனே, மகளே, என்னைப் பற்றி உன் மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்." பிறகு கோபிக்காமல் கேட்டிருங்கள். அப்படிக் கேட்கும் வீட்டில் நாளைக்கு உங்கள் சொல்லும் கேட்கப்படும். அத்தகைய வீடுகளால் அமைந்த பங்கில் ஆண்டவரின் வார்த்தை அரிதாகிப் போகாது.