தொண்டு நிறுவனங்களும் தன்னாய்வும்

சேலம் மாநகரை அடுத்துள்ள பனமரத்துப்பட்டியில் பெரியதோர் ஏரி உண்டு. நகர மக்களுக்குக் குடிநீர் வழங்கும் பொருட்டு 1911ஆம் ஆண்டில் அது அமைக்கப்பெற்றது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. பின்னர்க் காவிரி நீர் நகருக்கு வரலாயிற்று. ஏரியின் தேவை குறையவே கவனிப்பும் குறைந்தது. நீர் நின்ற நிலப்பரப்பில் பல்லாண்டுகள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. கரை இருந்தது, ஏரி என்னும் பெயரும் இருந்தது. எதற்காக அமைந்ததோ அது மட்டும் இல்லாது போயிற்று.

அறப்பணி செய்ய எழும் அமைப்புகளுக்கும் இந்நிலை நேர்தல் கூடும். பதிவு எண், செயற்குழு, ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு ஆகிய கரைகள் யாவும் செம்மையாகவே இருக்கும். உள்ளே நோக்கம் வற்றியிருக்கும். எவரும் தீய எண்ணத்தோடு இதனைச் செய்வதில்லை. எதற்காகத் தொடங்கினோம் என்று கேட்பதை நிறுத்துவதே இதற்குப் போதுமானது.

நாம் பங்கேற்ற சிறியதொரு கல்வி உதவி நிதியிலும் இதனைக் கண்டோம். ஆண்டுதோறும் நாம் வழங்கிய குறிப்பேடுகளின் எண்ணிக்கை வளர்ந்துகொண்டே வந்தது. அதனை அறிக்கையில் பெருமிதத்துடன் படித்தோம். ஒரு பொதுக்குழுவில் மூதாட்டி ஒருவர் எழுந்து, "ஐயா, வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளியை விட்டு நிற்காமல் படிக்கிறார்கள்?" என்று வினவினார். நம்மிடம் விடை இல்லை. நோட்டுகளை எண்ணிய நாம் பிள்ளைகளை எண்ணவில்லை. கேட்டவர்மீது நமக்கு முதலில் எழுந்தது நன்றியன்று, சினமே. அந்தச் சினமே நம் குறையின் அளவைக் காட்டிற்று.

இவ்வகையில் நாம் கற்கத்தக்க வரலாறு இப்பகுதியிலேயே தொடங்குகிறது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி, 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதன் பணிகளாயின. அதே ஆண்டு செப்டம்பரில், நாடு தழுவிய கதர்ப் பணியை நடத்தும் பொருட்டு அகில இந்திய சர்க்கா சங்கம் காந்தியடிகளால் பாட்னாவில் தொடங்கப்பெற்றது.

ஏழைகளுக்கு வேலையளித்தலே அச்சங்கத்தின் நோக்கம். ஆயின் துணி விற்றாக வேண்டுமே! விலையைக் குறைத்தால் விற்பனை கூடும். குறைந்த விலையின் சுமையோ இராட்டை சுற்றும் பெண்ணின் கூலியின்மீது விழுந்தது. யாருக்காகப் பணி எழுந்ததோ அவரே பணியால் நசுங்கினார். 1935இல் காந்தியடிகள் இதனை எடுத்துரைத்து, நூற்போருக்கு வாழ்க்கைக்கேற்ற கூலி தரல் வேண்டும் என வற்புறுத்தினார். சங்கமும் ஏற்றது, துணியின் விலை உயர்ந்தது.

1944இல் சிறையினின்று மீண்டபின் அவர் மீண்டும் கேட்டார்: நகரத்தார்க்குத் துணி விற்பதா நம் நோக்கம், சிற்றூர் தன் காலில் நிற்பதா? அதன் விளைவாக, கதர் வாங்குவோர் விலையின் ஒரு பகுதியைக் கையால் நூற்ற நூலாகவே செலுத்த வேண்டும் என்னும் முறை 1945இல் வந்தது. விற்பனைக்கு இஃது இடையூறு என்பது வெளிப்படை. எனினும் கணக்கின் வளர்ச்சியை விட நோக்கத்தின் நேர்மையே பெரிதென்று அவர் கருதினார்.

பசித்தவன் வாயிலில் நிற்கையில் ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஓயாத விவாதம் தொண்டைத் தடுக்கும். முடிவெடுக்க அஞ்சுவோர்க்கு அது புகலிடமும் ஆகும். ஆயினும் ஆராயாத உதவி பசித்தவனைச் சென்றடைந்ததா என்பதை யார் அறிவார்? நாம் வேண்டுவது ஆண்டு முழுதும் நீளும் வாதமன்று. ஆண்டிற்கு ஒரு நாள்.

அந்நாளில் வரவு செலவு படிக்க வேண்டா. மாலை மரியாதையும் வேண்டா. உதவி பெற்றோரையும் உடன் அமர்த்தி மூன்று வினாக்களை மட்டும் கேட்போம். யாருக்காகத் தொடங்கினோம்? இவ்வாண்டு நம் செயல் அவரைச் சென்றடைந்ததா? எங்கே தவறினோம்? தவறியவர் பெயரை விடுத்துத் தவற்றை மட்டும் குறிப்பில் எழுதுவோம். பழிக்கு அஞ்சும் இடத்தில் உண்மை வெளிவராது.

நமக்கு இது புதிய நெறியன்று. செய்த பிழையை நினைந்து மீளும் பிரதிக்கிரமணத்தையும், தசலட்சண பர்வத்தின் முடிவில் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டும் க்ஷமாவணியையும் நம் குடும்பங்கள் அறியும். தனி மனிதர்க்கு இன்றியமையாத ஒன்று, தனி மனிதர் பலர் கூடிய சங்கத்திற்கு மட்டும் வேண்டாததாகுமா?

அந்த மூதாட்டியின் வினாவிற்குப் பிறகு, நம் நிதி குறிப்பேடுகளைக் குறைத்தது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு நாம் செல்லத் தொடங்கினோம். அறிக்கையில் எண்கள் சிறுத்தன. படிக்கையில் சற்றே கூச்சமாகவும் இருந்தது. ஆயினும் அந்த எண்களுக்குரிய பிள்ளைகளின் முகங்களை நாம் இப்போது அறிவோம். நம் சங்கங்கள் ஒவ்வொன்றும் தன் கரைக்குள் நீர் உண்டா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.