எதை விட்டுக்கொடுக்கலாம்?

பந்திங் அடங்கிய கோல லங்காட் நாடாளுமன்றத் தொகுதியில் 2018-இல் நம்பிக்கைக் கூட்டணி சார்பில் வென்றவர் சேவியர் ஜெயக்குமார். 2021 மார்ச்சில் அவர் தம் கட்சியான பிகேஆரை விட்டு விலகி, அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் அரசுக்கு ஆதரவு தெரிவித்தார். வாக்களித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் எந்த அணிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போனபோது, "அன்வாரும் வேண்டாம், ஜசெகவும் வேண்டாம்" என்று முழங்கியிருந்த அம்னோ, அதே அன்வாரின் அமைச்சரவையில் அமர்ந்தது. அப்போதும் வாக்காளரை யாரும் கேட்கவில்லை. ஒன்றுக்குத் தாவல் என்று பெயர், மற்றொன்றுக்கு ஒற்றுமை அரசு. அறத்தின் முன் இரண்டும் ஒன்றுதானா?

நமக்குப் பிடித்தவர் பதவிக்கு வந்தால் சமரசம், பிடிக்காதவர் வந்தால் துரோகம் என்று பேசுவது கட்சிப்பற்று மட்டுமே. பேச்சு வெளிச்சத்தில் நடந்ததா, எழுத்தில் இருக்கிறதா, பலன் யார் வீட்டுக்குப் போகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் 2021 செப்டம்பர் 13 மலேசிய அரசியலில் ஒரு நல்ல நாள். பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசும் எதிர்க்கட்சியான நம்பிக்கைக் கூட்டணியும் அன்று புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நாடு கோவிட்டில் துவண்டிருந்த நேரம். அரசைக் கவிழ்க்கும் வாய்ப்பைக் கைவிட்ட எதிர்க்கட்சி, பதிலுக்கு அமைச்சர் பதவி வாங்கவில்லை. நாடாளுமன்றச் சீர்திருத்தமும் 18 வயதில் வாக்குரிமையும் கட்சித்தாவலுக்குத் தடையும் கேட்டது. ஒப்பந்தத்தை யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. 2018-இல் மக்கள் நம்பிக்கைக் கூட்டணிக்குத் தந்த ஆட்சியைப் பறித்தவர்களுக்கா கைகொடுப்பது என்று தொண்டர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் 2022 ஜூலை 28-ஆம் நாள் தாவல் தடைக்கான அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களவையில் 209 பேர் ஆதரித்தார்கள். கோபத்தை மட்டும் வைத்து அந்த எண்ணிக்கையை எட்டியிருக்க முடியாது.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு. தனி உறுப்பினர் கட்சி மாறினால் பதவி போகும். ஒரு கட்சி முழுவதும் அணி மாறினால் சட்டம் தடுக்காது. அங்கே மிச்சமிருப்பது மனசாட்சிதான்.

இன்று பந்திங் மக்களுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் எதிர்க்கட்சியான பாஸைச் சேர்ந்தவர். 2023-இல் தேர்வான சட்டமன்ற உறுப்பினர் வீ. பாப்பாராயுடு, ஆளுங்கூட்டணியின் ஜசெகவைச் சேர்ந்தவர். பிளவு ஒரே தெருவுக்குள் வந்துவிட்டது. எதிரணி உறுப்பினர்களுக்குத் தொகுதி நிதி ஒதுக்கீடு தருவது பற்றி 2024-இல் பேசினார்கள். அரசு நிபந்தனைகளோடு வரைவு கொடுத்தது. அந்த நிபந்தனைகள் தங்கள் வாயைக் கட்டும் என்று, பாஸ் இடம்பெற்ற தேசியக் கூட்டணி மறுத்தது. இரு தரப்பும் கொள்கை பேசின. இடையில் சிக்கியது தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் ஒழுகும் கூரையும், மழைக்கு நிரம்பும் சாக்கடையும். அந்தப் பணம் ஆளுங்கட்சியின் சொத்தல்ல. பாஸுக்கு வாக்களித்தவரும் ஜசெகவுக்கு வாக்களித்தவரும் கட்டிய வரி.

கொள்கையை விட்டுக்கொடுக்க மறுப்பவரை மதிக்கலாம். எதிரணிக்கு வாக்களித்த ஊரைப் பட்டினி போடுவதில் கொள்கை எதுவும் இல்லை. 222 தொகுதிகளுக்கும் சம ஒதுக்கீட்டைச் சட்டமாக்க வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கொடியோடு வந்தாலும், பந்திங் வாக்காளர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.