மூன்றடி மண்ணில் ஓரறிவு உயிர்

"வருஷம் பூரா பச்சையா இருக்கணும். சாமிக்குப் பூ கிடைக்கணும். பெருசா வளரக் கூடாது." சென்னைப் புறநகர் நர்சரிகளுக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது இந்த மூன்றையும்தான். அரை கிரவுண்டில் வீடு எழுப்பி, கார் நிறுத்த இடம் விட்டு, போர்வெல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் போக, மதிலோரம் மிஞ்சுவது மூன்றடி அகல மண். நர்சரிக்காரர் நந்தியாவட்டையைக் காட்டுவார், இட்லிப்பூவைக் காட்டுவார். வந்தவரின் கண்ணோ வில்வக் கன்றின் மேலேயே நிற்கும். "அதையும் வைக்கலாம் சார், வளர வளர வெட்டி விட்டுக்கிட்டே இருங்க" என்பதோடு பேரம் முடியும்.

சிக்கல் அந்தக் கடைசி யோசனையில்தான் இருக்கிறது. பச்சையும் பூவும் செடி தானாகத் தருபவை. உயரத்தை அடக்குவதென்றால் அதன் உடம்பில் கை வைக்க வேண்டும். தெய்வத்துக்கென்று நட்ட உயிரை, இடம் போதவில்லை என்று ஆண்டுதோறும் வெட்டலாமா? வெட்டாமல் முடியாது என்று தெரிந்தே நடலாமா?

மரத்துக்கு உயிர் உண்டு என்பதில் தமிழ் மரபுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின்படி ஆறாக அடுக்கி, புல்லையும் மரத்தையும் முதல் படியில், தொடு உணர்ச்சி மட்டும் உள்ள ஓரறிவு உயிர்களாக வைக்கிறது. சமணத்திலும் தாவரம் ஒரே பொறி கொண்ட உயிர்தான். சமணத் துறவி பச்சைச் செடியைத் தொடுவதையே தவிர்ப்பார். இல்லறத்தாருக்கு அவ்வளவு கடுமை இல்லை. ஓரறிவு உயிருக்குச் செய்யும் தீங்கை முடிந்த மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். அந்த 'முடிந்த மட்டும்' என்ற அளவுக்குள் ஒரு பெரிய விவாதமே அடங்கியிருக்கிறது.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலுக்குப் போனவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம்: மீன்கள், பறவைகள், யானைகள், நடுவே தாமரை பறித்துக்கொண்டு நிற்கும் ஆட்கள். கொல்லாமையை இவ்வளவு கறாராகப் பேசிய சமயம் தன் கோயில் கூரையில் பூப்பறிப்பதைத் தீட்டி வைத்திருக்கிறது. தீர்த்தங்கரரின் உபதேசத்தைக் கேட்கச் செல்லும் அடியார்கள் வழியிலுள்ள குளத்தில் பூக்கொய்யும் காட்சி இது என்று கலை வரலாற்றாளர்கள் விளக்குகிறார்கள். அப்படியென்றால் பூவைப் பறிப்பதும் செடியைச் சிதைப்பதும் சமணருக்கே ஒன்றாகப் பட்டிருக்கவில்லை.

சைவம் கேள்வியை வேறு பக்கம் திருப்பியது. செடிக்கு வலிக்குமா என்று கேட்பதைவிட, பூ யாருடையது என்று கேட்பதில் அதற்கு அக்கறை அதிகம். பெரியபுராணத்தில் திருப்புகலூர் முருக நாயனார் விடியலுக்கு முன்பே எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்று வகை பிரித்துக் கொய்து மாலை கட்டுகிறார். கருவூரில் சிவகாமியாண்டாரின் பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிந்த, எறிபத்த நாயனார் அந்த யானையையும் பாகர்களையும் மழுவால் வெட்டிச் சாய்க்கிறார். திருவாரூரில் பூமண்டபத்தருகே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து முகர்ந்த பட்டத்தரசியின் மூக்கை அரிகிறார் செருத்துணை நாயனார். அரசரான கழற்சிங்கரோ, பூவை முதலில் எடுத்தது கைதானே என்று அந்தக் கையையும் துணிக்கிறார். இன்று படிக்கிறவருக்கு உடம்பு கூசும். ஆனால் மூன்று கதைகளும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கின்றன: நந்தவனத்துப் பூ நட்டவருக்கும் சொந்தமில்லை, நாட்டை ஆள்பவருக்கும் சொந்தமில்லை.

வைணவத்தில் இதே எண்ணம் சற்று இளகி வருகிறது. பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்தே வாழ்ந்தவர்கள். ராமானுஜரின் சொல்லை ஏற்றுத் திருமலைக்குப் போன அனந்தாழ்வான் அங்கே நந்தவனம் அமைத்து, அதற்கு நீர் வேண்டிக் குளமும் வெட்டினார். கர்ப்பிணி மனைவிக்கு உதவியாக மண் சுமக்க வந்த சிறுவனைக் கோபத்தில் கடப்பாரையால் அடிக்க, காயம் பெருமாளின் மோவாயில் தெரிந்தது என்பது ஐதிகம். கோயில் வாசலில் அந்தக் கடப்பாரை இன்றும் தொங்குகிறது. திருமலையில் பெண்கள் தலையில் பூச்சூடுவதில்லை. மலையில் பூக்கும் பூவெல்லாம் ஒருவருக்கே.

இந்த வழக்கப்படி பார்த்தால், மதிலோரத்துச் செடியின் பூவைப் பறிக்கலாம், பறித்ததை உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும். அதிலும் வரம்பு உண்டு. இருட்டிய பிறகு செடியைத் தொடாதே, அது தூங்குகிறது என்று பாட்டிமார் சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. காந்தியும் அந்தக் கட்சிதான். பஞ்சு கொட்டும் வில்லுக்காக அவருடைய சீடர் மீரா பென் இரவில் இலை பறித்து வரச் செய்தபோது, உறங்கும் மரத்தைத் தொந்தரவு செய்துவிட்டதாகவும், தேவைக்கு மேல் பறித்ததாகவும் காந்தி மிகவும் வருந்தினார்.

பறிக்கவே தேவையில்லாத பூக்களும் உண்டு. பவளமல்லி இரவில் மலர்ந்து விடிவதற்குள் தானே கொட்டிவிடும். மண்ணில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்ற விதிக்கு இதற்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்கள். ஓரறிவு உயிரை நோகடிக்காமல் வழிபட விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடைப்பது கடினம். ஒரு குறை, கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். நர்சரியில் அந்தக் காரணத்தைச் சொல்லியே பலர் அதை ஒதுக்குகிறார்கள். இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: 'எப்போதும் பச்சை' என்ற நிபந்தனையில் பக்தியை விட எதிர்வீட்டு ஜன்னலுக்குத்தான் பங்கு அதிகம். மறைப்புக்கு இலை வேண்டும், அவ்வளவுதான். என்றும் பசுமையான மரமும் இலை உதிர்க்கவே செய்கிறது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உதிர்ப்பதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. எல்லோரும் ஆசைப்படும் வில்வமே வேனிலில் இலை கழிக்கும் மரம்தான். முள்ளும் உண்டு. முப்பது அடிக்கு வளரவும் கூடும்.

வெட்டுதல் பூப்பறித்தலைப் போல எளிதாகக் கடந்துவிடக் கூடியதல்ல. கிளையின் நுனிமொட்டு ஆக்சின் என்ற ஊக்கியைச் சுரந்து, கீழுள்ள பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியைக் கிள்ளினால் அந்த அடக்கம் விலகி, பக்கக் கிளைகள் புறப்படும், செடி புதராகும். நந்தியாவட்டையும் செம்பருத்தியும் இதைப் பொறுத்துக்கொள்ளும். கிள்ளக் கிள்ளப் பூ கூடும். ஐம்பது அடிக்கு உயரப் பிறந்த மரத்தின் தலையைக் கொய்வது வேறு கதை. உறங்கிக் கிடந்த மொட்டுகள் ஒரே இடத்தில் கொத்தாகக் கிளம்பும், அவற்றின் பிடிப்பு பலமற்றது, வெட்டுவாயில் அழுகல் புகும், அடுத்த புயலுக்கு முறியும். தெருவோரத்தில் மின்கம்பிக்காக மொட்டையடித்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மகிழமரத்தை எடுத்துக்கொள்ளலாம். என்றும் பச்சை, அடர்ந்த நிழல், காய்ந்தாலும் மணம் போகாத பூ, அதுவும் தானே உதிரும் பூ. திருவொற்றியூரில் அதுவே தலமரம். சங்கிலியாரை மணக்கும் சுந்தரர் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். கருவறையில் சத்தியம் செய்யத் தயங்கி, அந்த நேரத்துக்கு நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே பேசி வைக்கிறார். சிவன் இதைச் சங்கிலியாரின் காதில் போட, சத்தியம் மகிழடியிலேயே வாங்கப்பட்டது. வாக்குத் தவறிய சுந்தரர் கண்ணிழந்தார். மரம் சாட்சியாகக்கூட நிற்கும் என்று நம்பிய மரபு இது. அப்படிப்பட்ட மரத்தை மூன்றடி மண்ணில் நட்டு, ஒன்பதாம் வருடம் மதில் விரிசல் விட்டதும் ஆளைக் கூப்பிட்டு அறுப்பது வழிபாட்டில் எந்தக் கணக்கில் சேரும்?

ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் மர இடைவெளிக்கு அளவு தந்திருக்கிறார். இருபது முழம் உத்தமம், பதினாறு மத்திமம், பன்னிரண்டு அதமம். நெருக்கி நட்டால் கிளையும் வேரும் ஒன்றையொன்று உரசி, பலன் குறையும் என்பது அவர் சொல்லும் காரணம். அவருடைய அதமமே பதினெட்டு அடி! தெய்வ உருவம் செதுக்க மரம் வெட்டுவதற்கு முன், அதில் குடியிருக்கும் பூதங்களிடம் வேறிடம் போகும்படி வேண்டிக்கொள்ளும் சடங்கையும் அதே நூல் விதிக்கிறது. தெய்வக் காரியத்துக்கே வெட்டினாலும் மரத்திடம் மன்னிப்புக் கேட்காமல் தொடக் கூடாது என்பது அதன் நிலை.

இந்த வாதத்தை மறுக்க விரும்புகிறவர் போன்சாயைக் கொண்டுவருவார். வேரையும் கிளையையும் சலிக்காமல் வெட்டி, ஆலமரத்தைத் தட்டில் உட்கார வைக்கும் கலை கொடுமை என்றுதான் நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். வாஸ்து பார்ப்பவர்கள் வீட்டில் சேர்க்கவே விடமாட்டார்கள். ஆனால் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் ஒரு வெள்ளைப் பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் பேணப்பட்டு வருவது. 1945-இல் ஹிரோஷிமாவில், குண்டு விழுந்த இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருந்த ஒரு வீட்டில் உயிர் தப்பியது. 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போனது. தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நானூறு ஆண்டு கவனிப்பைக் கொடுமை என்று சொல்ல நா எழாது. போன்சாய்க்காரர் வெட்டும் ஒவ்வொரு நுனிக்கும் மரத்தின் நாளைய வடிவத்தை யோசித்து வெட்டுகிறார். மதிலோரத்து வில்வத்தை வெட்டுகிறவர் மதிலை யோசித்து வெட்டுகிறார். இரண்டிலும் கத்தி ஒன்றுதான் என்றாலும் கை ஒன்றல்ல.

ஆகவே ஓரறிவு உயிருக்கான அறம் அரிவாளை எடுக்கும் நாளில் தொடங்குவதில்லை. நர்சரியில் கன்றைத் தேர்ந்தெடுக்கும் அரைமணி நேரத்திலேயே அதில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. தன் இயல்பான உயரத்துக்கு வளர்ந்தாலும் மூன்றடி மண்ணில் நிற்கக்கூடியதைத் தேர்ந்தால் வெட்டும் தேவையே அருகிப்போகும். நந்தியாவட்டை ஆள் உயரத்தைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும், சிவனுக்கு உகந்த வெள்ளைப் பூ, ஆண்டு முழுக்கப் பச்சை. இட்லிப்பூ என்று குழந்தைகள் அழைக்கும் வெட்சி முருகனுக்கானது, தென்னாட்டுக்கே உரியது. திருச்செந்தூரில் திருநீறு மடித்துத் தரும் பன்னீர் இலையின் மரமும் பெரிதாக வளராதது. கடற்கரை மணலைத் தாங்கும், இரவில் மணக்கும். ஆனால் அதற்கு மூன்றடி போதாது, வீட்டு முகப்பில் மூலை வேண்டும்.

அரளிதான் தர்மசங்கடம். வறட்சி, உப்புக்காற்று, புறக்கணிப்பு எல்லாவற்றையும் தாங்கி என்றும் பச்சையாக நிற்கும், சிவபூசைக்கு முதன்மையான பூ. வேர் முதல் பூ வரை நஞ்சு. 2024 மே மாதம், அரளியைக் கடித்ததால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணின் மரணத்துக்குப் பிறகு, கேரளத்தின் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது. துளசியும் தெச்சியும் அந்த இடத்துக்கு வந்தன. தெச்சி என்பது நம் வெட்சிதான். மூர்த்திக்குச் சார்த்துவதை விலக்காமல், மனிதர் கைக்கும் வாய்க்கும் வருவதை மட்டும் விலக்கிய அந்த முடிவு, ஆகமத்துக்கும் நச்சியலுக்கும் நடுவே நிதானமாக எடுக்கப்பட்ட ஒன்று. சிறு குழந்தையோ ஆடுமாடோ உள்ள வீட்டில் அரளி வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

நர்சரிகளில் யாரும் கேட்காத ஒரு செடியும் இந்தப் பட்டியலுக்கு உரியது: காயா. திருமாலின் மேனி நிறத்துக்கு ஆழ்வார்கள் முதல் நாட்டுப்புறப் பாட்டு வரை ஒப்பாகச் சொல்லப்படும் அதே காயாம்பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களிலும் அது இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் காயா இன்றும் செழித்து நிற்கிறது. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. கடற்காற்றும் நீண்ட கோடையும் மரங்களைக் குள்ளமாகவே வளர்த்த காடு. வீரை, காட்டு எலுமிச்சை, காயா எல்லாம் யாரும் கத்தி வைக்காமலே அடக்கமாக நிற்கின்றன. இதுபோன்ற கோயில் காடுகளில் சுள்ளி ஒடிப்பதும் தெய்வக் குற்றம் என்ற பயம்தான் அவற்றை இதுவரை காப்பாற்றியது.

வெட்டாமலே சிறுத்து நிற்பது, பச்சை மாறாதது, பெருமாளின் நிறத்தில் பூப்பது. மூன்று நிபந்தனைகளுக்கும் இதைவிட நேரான விடை இல்லை. ஆரோவில் பகுதியின் காட்டுமர நாற்றங்கால்களில் கன்று கிடைக்கிறது. மிக மெதுவாகத்தான் வளரும். நட்டவர் முதல் பூவைப் பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பூத்தாலும் கிளையோடு ஒட்டிய சின்னஞ்சிறு நீலக் கொத்துகள், மாலை கட்ட வராது, கிண்ணத்தில் சேர்த்துச் சார்த்தத்தான் முடியும். அதுவரை காலைப் பூசைக்குப் பக்கத்தில் ஒரு நந்தியாவட்டையையும் நட்டு வைக்கச் சொல்லி நர்சரிக்காரர் இரண்டு கன்றாகவே விற்பார்.