தொட்டிலை யாருக்காக அலங்கரிக்கிறோம்?

பிள்ளை ஓர் அமானிதம் என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். அமானிதப் பொருளை வைத்திருப்பவன் அதைத் தன் பெருமைக்காகப் பயன்படுத்தலாகாது என்பதும் நமக்குத் தெரிந்ததே. அப்படியானால், பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று நாம் சோடிக்கிற அறை யாருக்காக? பிள்ளையின் நலத்துக்காகவா, ஏழாம் நாள் அகீகா விருந்துக்கு வருகிறவர்களின் கண்ணுக்காகவா? சிறு கேள்வியாகத் தோன்றினாலும், ஒரு சிசுவின் மூச்சு இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் அறையைப் பற்றிப் பார்ப்போம். பிள்ளைக்குத் தனி அறை என்பது நமக்கு வெள்ளைக்காரர் வழியாக வந்த வழக்கம். நம்மவர் வீட்டில் தாய் படுக்கும் அறைதான் பிள்ளையின் அறை. இப்போது மேல்நாட்டு வைத்தியர்களே நம் வழக்கத்தின் பக்கம் வந்துவிட்டார்கள். முதல் ஆறு மாதமாவது பிள்ளை பெற்றோரின் அறையிலேயே உறங்கவேண்டும், ஆனால் தனிப் படுக்கையில் உறங்கவேண்டும் என்பது அவர்கள் சொல்லும் யோசனை. ஆகவே கிள்ளானில் இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் தகப்பன், பிள்ளைக்கு ஓர் அறை இல்லையே என்று ஏங்கவேண்டியதில்லை. தாயின் கட்டிலுக்கு அருகே ஒரு மூலை போதும்.

அந்த மூலையில் என்ன இருக்கவேண்டும்? கெட்டியான, தட்டையான மெத்தை. அதன்மேல் சுருக்கமின்றி இழுத்துக் கட்டிய ஒரு விரிப்பு. அதன்மேல் பிள்ளை, மல்லாந்த நிலையில். இவ்வளவுதான். தலையணை, பக்கத்துக்கு ஒன்றாக உருட்டுத் திண்டு, கனத்த போர்வை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, கரடிப் பொம்மை ஆகிய ஒன்றும் உறங்கும் இடத்தில் ஆகா. பிள்ளை திடுக்கிடாமல் இருக்கவென்று மார்பின்மேல் வைக்கும் பயற்றுத் தோல் தலையணையும் ஆகாது. காரணம் எளிது. முகம் மெத்தென்ற பொருளில் புதைந்தால் அதைத் திருப்பிக்கொள்ளும் சக்தி பச்சைப் பிள்ளைக்கு இல்லை. மார்பின்மேல் பாரம் இருந்தால் அதைத் தள்ளிவிடவும் தெரியாது.

"நாங்களெல்லாம் திண்டும் தலையணையுமாக வளர்ந்தவர்கள்தாமே, என்ன ஆகிவிட்டது?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். மரியாதையோடு ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. பிழைத்தவர்கள்தாம் பிழைத்த கதையைச் சொல்லமுடியும். போன பிள்ளைகள் வந்து சாட்சி சொல்வதில்லை. மேல்நாடுகளில் ஒரு காலத்தில் பிள்ளைகளைக் குப்புறப் படுக்கவைக்கும்படி வைத்தியர்களே சொன்னார்கள். அது தவறென்று தெரிந்து, பிரிட்டனில் 1991ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டிலும் மல்லாந்து படுக்கவைக்கும்படி பிரசாரம் செய்தார்கள். தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேர்ந்த சிசு மரணங்கள் பிரிட்டனில் சில ஆண்டுகளுக்குள் பாதிக்குமேல் குறைந்தன. அமெரிக்காவிலும் ஏறக்குறைய பாதியாயின. புதிய மருந்தொன்றும் தரவில்லை. படுக்கும் விதத்தை மாற்றினார்கள், அவ்வளவே. அறிஞரே ஆனாலும் தவறு தெரிந்தபின் மாற்றிக்கொள்வது இழிவல்ல என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

இந்நாட்டில் மலாய்க்காரரும் நம்மவரும் ஒருசேர விரும்புவது ஸ்பிரிங்கில் கைலி கட்டிய தொட்டில். மலாய்க்காரர் புவாயான் என்பார்கள். தமிழ்நாட்டில் தூளி என்றும் ஏணை என்றும் சொல்வார்கள். அழுகிற பிள்ளையை அமர்த்துவதில் அதற்கு இணை கிடையாது. ஆனால் குழிந்த துணிக்குள் தாடை மார்பில் முட்டிக் கிடந்தால் பச்சைப் பிள்ளைக்கு மூச்சுப் போகும் வழி நெருக்குண்டுவிடும். கழுத்து நிற்காத பிள்ளையை வேகமாக ஆட்டுவது தலைக்கு ஆகாது. பழைய ஸ்பிரிங் ஒருநாள் அறும். எனவே அமர்த்துவதற்குத் தொட்டில், உறங்குவதற்கு மெத்தை என்று பிரித்துக்கொள்வோம். மெதுவாக ஆட்டுங்கள், பக்கத்திலேயே இருங்கள், கண்ணயர்ந்ததும் எடுத்து மெத்தையில் கிடத்துங்கள்.

மரக்கட்டில் வாங்குகிறவர்கள் கம்பிகளின் இடைவெளியைக் கவனிக்கவேண்டும். 6 செண்டிமீட்டருக்கு மேல் இருக்கலாகாது. சோடா டின் நுழையுமானால் அந்தக் கட்டில் வேண்டாம். ஜன்னலுக்கும் திரைக்கயிற்றுக்கும் எட்டவே கட்டிலைப் போடுங்கள். இன்று தவழாத பிள்ளை நாளை ஏறும். மாடி வீட்டில் ஜன்னலடியில் நாற்காலியும் பெட்டியும் கூடா. கழுத்தில் கறுப்புக் கயிறோ தங்கச் சங்கிலியோ போட்டுத் தூங்கவிடுவது பெரிய ஆபத்து. பழைய கடைவீட்டுச் சுவரின் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். கர்ப்பிணி அதைச் சுரண்டலாகாது. வர்ணம் பூசுவதானால் பிரசவத்துக்குப் பல வாரங்கள் முன்னரே பூசி, காற்றோட்டமாக விடவேண்டும். டெங்கிக் காய்ச்சல் மிகுந்த சிலாங்கூரில் கொசுவலை அவசியம்; அது பிள்ளையின் முகத்தில் படாமல் விறைப்பாக நிற்கட்டும். கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் ஆகிய மூன்றின் புகையும் அந்த அறைக்குள் வரவேண்டாம்.

அப்படியானால் அழகே கூடாதா? கூடும். சுவரில் வர்ணம் இருக்கட்டும். திரையில் பூ இருக்கட்டும். அவை தாயின் மனத்துக்கு இதமளிக்கும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் பிறந்த பிள்ளையின் கண்ணுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 செண்டிமீட்டர் தூரத்தில் உள்ளதுதான் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தூரமும் அதுவே. எத்தனை நூறு வெள்ளி செலவழித்துச் சோடித்தாலும் பிள்ளை காணும் சித்திரம் தாயின் முகம் ஒன்றே. அந்த முகம் களைப்பின்றி இருக்க எதைச் செலவிட்டாலும் அது வீண் விரயமல்ல.

இறுதியாக, என்னைப் போன்ற வியாபாரிகளுக்கு ஒரு கேள்வி. ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெருவுக்கு வந்து, "பிள்ளைக்குத் தலையணையும் திண்டும் சேர்ந்த செட்டு கொடுங்கள், பாய்" என்று ஒருவர் கேட்கிறார். சரக்கின் குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாது என்று அறிவோம். இங்கே சரக்கில் குறையில்லை. தையல் சுத்தம், துணி அசல் பருத்தி. குறை அதை வைக்கப்போகிற இடத்தில் இருக்கிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சம்மதம் என்றால் வியாபாரம் முடிந்தது என்று சொல்லிவிடலாமா? முடியாது. அந்தத் தலையணையில் முகம் புதையப்போகிறவர் மூன்றாமவர். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளை விற்கவே தடை விதித்தது. சட்டம் வந்துதான் நாம் வாய்திறக்க வேண்டுமா? "இது ஒரு வயதுக்குப் பிறகு, அம்மா, இப்போது கொசுவலையும் நாலு பருத்தித் துணியும் கொண்டு போங்கள்" என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு செட்டின் இலாபம் குறையலாம். அந்த வீட்டார் அடுத்த பிள்ளைக்கும் நம் கடைக்கே வருவார்கள் என்று ஆசை காட்டி நான் இதைச் சொல்லவில்லை. வராவிட்டாலும் சொல்லவேண்டியதே.

விருந்துக்குப் போகும் சகோதரர்களும் சற்று யோசிக்கவேண்டும். பெரிய பொம்மை கொண்டுபோனால் அதை வைக்க இடம் தேடி அவர்கள் தொட்டிலில்தான் வைப்பார்கள். அதற்குப் பதில் தாய்க்கு ஒரு வேளை சமைத்த சாப்பாடு கொண்டுபோங்கள்.

வெறுமையான தொட்டிலைக் கண்டு, "ஒன்றும் வாங்கவில்லையா?" என்று யாராவது கேட்டால் பெற்றோர் வெட்கப்படவேண்டாம். பிள்ளைக்கு வேண்டியதை வாங்கினோம், வேண்டாததை வாங்கவில்லை என்று தலைநிமிர்ந்து சொல்லட்டும்.